அரிசோனாவில் போகவிடப்பட்ட துப்பாக்கிகள்: சதியா, அலட்சியமா?

வாசகர் கேள்வி – 2025 ஜூலை 5

அமெரிக்க அரசே மெக்சிகோவின் போதைக் கும்பல்களுக்கு ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகளை அனுப்பியது என்றும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரக் காரணம் தேடவே ஒபாமா அரசு அவ்வாறு செய்தது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். இது உண்மையா, அல்லது தேர்தல் கால அவதூறா? சுங்கத் துறையில் இருந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்று.

ஜூலை 5, இரவு

துப்பாக்கிகள் போய்ச் சேர்ந்தது உண்மை. அரசு அவற்றை வாங்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பியது என்பது உண்மையல்ல. தனியார் கடைகளில் தனிநபர்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள், அவர்கள் யாருக்காக வாங்குகிறார்கள் என்று அரசு அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, தெரிந்தும் தடுக்கவில்லை. 2009இன் இறுதியில் தொடங்கி 2011 ஜனவரி வரை நடந்த அந்த நடவடிக்கைக்கு ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ என்று பெயர். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் என்னும் கூட்டாட்சி அமைப்பின் ஃபீனிக்ஸ் பிரிவு, அரிசோனாவின் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் அலுவலகத்துடன் சேர்ந்து அதை நடத்தியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்துச் சுமார் 2,000 துப்பாக்கிகளை வாங்கினார்கள். அவற்றில் ஏடிஎஃப் அதிகாரிகள் தாமே கைப்பற்றியவை நூறு அளவிலேயே இருந்தன.

கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்ற பகுதிக்கு ஆதாரம் இல்லை. நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் மைக்கேல் ஹோரோவிட்ஸ் 2012 செப்டம்பரில் வெளியிட்ட 471 பக்க அறிக்கை இந்த நடவடிக்கையில் யாருக்கும் தயவு தாட்சண்யம் காட்டவில்லை. அதிலும் அப்படி ஒரு நோக்கம் வெளிப்படவில்லை. சதி இல்லை என்பதால் குற்றம் சிறியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது என்ன என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஜூலை 6, காலை

முதலில் வாங்கும் முறை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். “இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?” என்பது அதிலுள்ள கேள்விகளில் ஒன்று. குற்றப் பின்னணி இல்லாத ஒருவரை முன்னே நிறுத்தி, ‘ஆம்’ என்று எழுதவைத்து, பின்னாலிருப்பவர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார். நம் ஊரில் நிலத்துக்கும் வீட்டுக்கும் பினாமி வைப்பதைப் போலவே அங்கே துப்பாக்கிக்குப் பினாமி வைக்கிறார்கள்.

அரிசோனாவில் ஒருவர் ஒரே நாளில் எத்தனை துப்பாக்கி வாங்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஒரே ஆள் குறுகிய காலத்தில் பல கைத்துப்பாக்கிகளை வாங்கினால் கடைக்காரர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி அன்றே இருந்தது. ஏகே வகை ரைஃபிள்களுக்கு அது கிடையாது. எனவே அரசின் உணவு உதவியில் காலம் தள்ளிய ஓர் இளைஞர் ரொக்கத்தைக் கொண்டுவந்து பத்து, இருபது என்று ரைஃபிள்களை அள்ளிச் சென்றபோதும் விற்பனை ஆவணத்தில் எந்தக் குறையும் இல்லை. இந்த வழக்கின் மிகப்பெரிய பினாமி அவர்தான். அவர் ஒருவர் பெயரில் மட்டும் 600க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வாங்கப்பட்டன.

அன்று துப்பாக்கிக் கடத்தலுக்கென்று தனியான கூட்டாட்சிச் சட்டம் இல்லை. பொய் எழுதினார் என்ற குற்றச்சாட்டை மட்டுமே சுமத்த முடியும். அதற்கும் நடைமுறையில் லேசான தண்டனையே கிடைத்தது. அரிசோனா அரசு வழக்கறிஞர்களோ துப்பாக்கியே கையில் கிடைத்தாலொழிய வழக்கை எடுக்கத் தயங்கினார்கள்; அது மெக்சிகோவுக்குள் போய்விட்டால் கையில் எப்படிக் கிடைக்கும்? இந்தத் தயக்கத்தால் அதிகாரிகள் சலித்துப் போயிருந்தார்கள். பினாமிகளைப் பிடித்துப் பயனில்லை, கும்பலின் தலையையே பிடிப்போம் என்ற எண்ணம் பிறந்ததற்கு இந்தச் சலிப்பும் ஒரு காரணம். 2009 அக்டோபரில் வாஷிங்டனிலிருந்து வந்த புதிய அணுகுமுறையும் தனிப்பட்ட பினாமிகளைவிட வலையமைப்புகளைக் குறிவைக்கவே சொன்னது.

ஜூலை 6, இரவு

“சிறு மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது எல்லாப் புலனாய்விலும் உள்ளதுதானே, இதில் என்ன தவறு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நான் என் பணியனுபவத்திலிருந்து பதில் சொல்லலாம்.

எங்கள் சுங்கத் துறையில் இதற்குக் ‘கன்ட்ரோல்டு டெலிவரி’ என்று பெயர். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் 50ஏ பிரிவு இதற்கு இடம் தருகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அப்பிரிவு சேர்க்கப்பட்டது. சரக்கு பிடிபட்டதும் மகஜர் எழுதி மூடிவிட்டால் அதைச் சுமந்து வந்தவர் மட்டுமே சிக்குவார். எனவே சரக்கைத் தொடர்ந்து போகவிட்டு, அதைப் பெற வருபவரைப் பிடிக்கலாம். ஆனால் சரக்கு கண்ணை விட்டு அகலக் கூடாது.

ஒருமுறை எவர்சில்வர் பாத்திரங்களின் இரட்டை அடிப்பகுதிக்குள் மறைத்த ஹெராயின் எங்களிடம் சிக்கியது. இரவோடு இரவாக அடிப்பகுதியைப் பிரித்து, பொடியை எடுத்து, அதே எடைக்கு மைதா மாவை வைத்துப் பற்றவைத்து, பெட்டிகளில் பழையபடி வைக்கோலைத் திணித்து அனுப்பினோம். லாரிக்கு முன்னே ஒரு வண்டி, பின்னே ஒரு வண்டி. ஒரு சுங்கச் சாவடி நெரிசலில் லாரி சற்று நேரம் எங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. மறுபடி அது கண்ணில் பட்டதும், தொலைபேசியில் இருந்த மேலதிகாரி, “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட்டார். உள்ளே இருப்பது மைதாதான் ஐயா என்று நான் வாதாடினேன். மைதா என்பது நமக்குத் தெரியும், இடையில் எந்தப் பெட்டி எங்கே இறங்கியது என்பது நமக்குத் தெரியாது என்றார். சரக்கைப் பெற இருந்தவர் தப்பினார்; அந்த ஆற்றாமை எனக்கு வெகுநாள் இருந்தது. இருந்தும் அந்த உத்தரவு சரியானது என்றே இன்று கருதுகிறேன்.

ஃபீனிக்ஸில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனது மாவு அல்ல, சுடக்கூடிய ரைஃபிள். தோட்டாவை வெடிக்கவைக்கும் அதன் ஊசியைக் கழற்றிவைக்கவும் வழியில்லை, ஏனெனில் அது கடையில் விற்கும் புதுச் சரக்கு. பின்தொடரும் வண்டிகள் கடையிலிருந்து ஒரு வீட்டுக்கோ வண்டி நிறுத்தும் கொட்டகைக்கோ போகும். அங்கிருந்து திரும்பிவிடும்படி உத்தரவு வரும். துப்பாக்கிக்குள் வைக்கும் இடங்காட்டிக் கருவி கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. மின்பொருள் கடையில் வாங்கிய உதிரிப் பாகங்களைக் கொண்டு ஓர் அதிகாரி தாமே ஒன்றைச் செய்து வைத்தார். அதன் பேட்டரி தீர்ந்துபோயிற்று. இப்படி ஒன்றைக் கன்ட்ரோல்டு டெலிவரி என்று நியாயப்படுத்த முற்படுவதை, அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியாது.

ஜூலை 8

“இதைத் தொடங்கியது புஷ் ஆட்சிதான்” என்ற பின்னூட்டத்துக்கு: பாதி சரி. 2006, 2007 ஆண்டுகளில் அரிசோனாவின் டூசான் நகரில் ‘வைட் ரிசீவர்’ என்ற நடவடிக்கையிலும் 400க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இதே முறையில் போகவிடப்பட்டன. தலைமை ஆய்வாளரின் அறிக்கை அதையும் கண்டித்தது. ஆனால் ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் அதன் தொடர்ச்சி அல்ல. வேறு நகரத்தில், வேறு அதிகாரிகள், ஒபாமா ஆட்சியில் புதிதாகத் தொடங்கியது. முன்னதன் தோல்வி ஆவணங்களில் இருந்தும் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது மனத்தை வாட்டுகிறது.

ஜூலை 9

சுங்கத் துறைக்காரன் என்பதால் லூக்வில் நிகழ்ச்சி என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

2010 மே மாத இறுதி. அரிசோனாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய லூக்வில் சாவடியில் ஒரு பிஎம்டபிள்யூ காரை நிறுத்திச் சோதித்தார்கள். உள்ளே 74 தோட்டாக்களும் ஒன்பது கைப்பேசிகளும் இருந்தன. காரிலிருந்தவர் மானுவல் செலிஸ்-அகோஸ்டா. பினாமிகளுக்குப் பணம் கொடுத்து ஏவியவர், இந்த வழக்கின் முதன்மைக் குற்றவாளி. சாவடி ஊழியர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து, ஏடிஎஃப்புக்குத் தகவல் கொடுத்து, வழக்கை நடத்திய அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் வந்து விசாரித்தார். ஒத்துழைப்பதாகச் செலிஸ்-அகோஸ்டா வாக்களித்தார். அந்த அதிகாரி ஒரு பத்து டாலர் நோட்டில் தம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் எல்லையைக் கடந்து போய்விட்டார், அழைக்கவே இல்லை. 2011 தொடக்கத்தில்தான் கைதானார்.

ஒரு சாவடியில் நின்றவனுக்கு இதன் கனம் தெரியும். வண்டியை நிறுத்தும் ஊழியருக்கு ஆண்டு முழுவதும் வெயிலில் நின்று கிடைக்கும் பலன் இப்படி ஒரு பிடிப்புதான். அந்தப் பிடிப்பை அவர் கையிலிருந்து வாங்கிப் போகவிட்டார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. செலிஸ்-அகோஸ்டா யாருக்காகத் துப்பாக்கிகளைச் சேர்த்தாரோ அவர்களைப் பற்றிப் போதைத் தடுப்பு முகமையிடமும் எஃப்பிஐயிடமும் முன்பே தகவல் இருந்தது. அதாவது எந்தத் தலைகளைக் கண்டுபிடிப்பதற்காகத் துப்பாக்கிகள் போகவிடப்பட்டனவோ, அந்தத் தலைகளின் பெயர்கள் அடுத்த அலுவலகத்துக் கோப்பிலேயே இருந்தன. முகமைகள் தங்களுக்குள் பேசியிருந்தால் இந்த நடவடிக்கைக்கே தேவை இருந்திருக்காது.

ஜூலை 11

அதிகாரிகளுக்கு விளைவு தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா என்று கேள்வி கேட்ட நண்பர் மறுபடியும் கேட்டிருக்கிறார். தெரிந்திருந்தது. அவர்களுடைய மின்னஞ்சல்களே சாட்சி.

2010 ஏப்ரல் தொடக்கத்தில் இந்த நடவடிக்கையை நடத்திய ஏடிஎஃப் குழுவின் மேற்பார்வையாளர் தம் குழுவினருக்கு எழுதிய மடலில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. மார்ச் மாதத்தில் மெக்சிகோவில் 958 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் நம் கண்காணிப்பில் உள்ளவர்கள் 359 துப்பாக்கிகளை வாங்கினார்கள், அவற்றில் பாரெட் .50 ரைஃபிள்களும் உண்டு. இலகுரகக் கவச வாகனத்தைத் துளைக்கும் துப்பாக்கி அது. வழக்கைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஊக்குவிக்கவே அவர் அந்த எண்களைச் சொன்னார். அன்று மாலையே விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மடல் கடைக்காரர் ஒருவருடையது. ஃபீனிக்ஸை அடுத்த கிளென்டேலில் உள்ள அவருடைய கடையில்தான் மிகுதியான துப்பாக்கிகள் விற்றன. சந்தேகப்பட்டு முதலில் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னவர். தொடர்ந்து விற்கும்படி அவர்களே கேட்டுக்கொண்டதால் விற்றவர். 2010 ஜூன் மாதத்தில் அவர் மேற்பார்வையாளருக்கு எழுதினார்: தெற்கு அரிசோனாவில் எல்லைக் காவலராகப் பணிபுரியும் நெருங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு, இந்தத் துப்பாக்கிகள் அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டுவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். ஆறு மாதங்களுக்குள் அவர் அஞ்சியதே நடந்தது. ஒரு வணிகரின் மனத்தில் எழுந்த கேள்வி, பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர்களின் மனத்தில் எழவில்லை என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் ஆறவில்லை.

ஜூலை 12, காலை

இதுவரை அமெரிக்கர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த விவகாரத்தைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கொல்லப்பட்ட அமெரிக்கக் காவலர் ஒருவர் பெயரைத் தெரிந்தவர்களுக்கு மெக்சிகோவில் இறந்தவர் ஒருவர் பெயரும் தெரிவதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மையம் எல்லைக்குத் தெற்கேதான் இருக்கிறது.

திட்டம் எப்படி வேலைசெய்ய வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பினாமி வாங்கும்போதே துப்பாக்கியின் வரிசை எண் சந்தேகப் பட்டியலில் ஏற்றப்படும். பிறகு அந்தத் துப்பாக்கி எங்கேனும் காவல்துறையிடம் சிக்கினால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்கு விசாரணை வரும். ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இன்ன பினாமி வாங்கியது இன்ன கும்பலிடம் போயிற்று என்று அதன்மூலம் இணைப்பை நிறுவலாம். இப்போது ஒரு கேள்வி: துப்பாக்கி எங்கே சிக்கும்? எல்லையைத் தாண்டிய துப்பாக்கி பெரும்பாலும் ஒரு மோதலுக்குப் பின்னாலோ கொலைக்குப் பின்னாலோதான் காவல்துறையின் கைக்கு வரும். ஆகவே, யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மெக்சிகோவில் நடக்கும் குற்றங்கள்தான் இந்த வழக்குக்குச் சான்றுகளாக அமைய வேண்டியிருந்தன. 2009 நவம்பரிலேயே மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தின் நாக்கோ எல்லையூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன. வாங்கிய சூடு ஆறுவதற்குள் எல்லையைத் தாண்டியிருந்தன. இணைப்பு அன்றே நிரூபணமாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் விற்பனை நடந்தது.

மெக்சிகோ அரசிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்சிகோ நகரத் தூதரகத்தில் இருந்த ஏடிஎஃப் பிரதிநிதிகளுக்கே விவரம் மறைக்கப்பட்டது. குற்ற இடங்களில் ஃபீனிக்ஸிலிருந்து வரும் துப்பாக்கிகள் திடீரென்று பெருகியதைக் கண்டு டேரன் கில் என்ற பிரதிநிதி கேட்டபோது, விசாரணை நடக்கிறது, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்ற பதிலே கிடைத்தது. அவரும் அவருக்குத் துணையாக இருந்த கார்லோஸ் கனினோவும் 2011 ஜூலையில் காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணையில் இதைப் பதிவு செய்தார்கள். தங்கள் சகாக்களே தங்களிடம் மறைத்தார்கள் என்பதை நம்பவே முடியவில்லை என்ற வேதனை அவர்கள் சாட்சியத்தில் தெரிகிறது.

2010 அக்டோபரில் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தின் முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர் பத்ரிசியா கோன்சாலெஸின் சகோதரர் மாரியோ கோன்சாலெஸ் கடத்தப்பட்டார். அவரைக் கைவிலங்கிட்டு உட்காரவைத்து, துப்பாக்கி ஏந்தியவர்கள் சூழ நிற்க, பேசவைத்த காணொளி இணையத்தில் பரவியது. பிறகு அவர் உடல் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. கொலையோடு தொடர்புடையவர்களைப் பிடித்தபோது கைப்பற்றிய துப்பாக்கிகளில் இரண்டு ஃபீனிக்ஸில் வாங்கப்பட்டவை. இதை ஃபீனிக்ஸ் அறிந்திருந்தும் மெக்சிகோவுக்குச் சொல்லவில்லை. 2011 கோடையில் கனினோதான் தாமாகவே மெக்சிகோவின் தலைமை அரசு வழக்கறிஞர் மாரிசெலா மொராலெஸிடம் உண்மையைச் சொன்னார்.

2010 ஜனவரி 30 அன்று சியுடாட் ஹுவாரெஸின் வில்லாஸ் தே சல்வார்கார் குடியிருப்பில் ஒரு விருந்தில் புகுந்து இளைஞர்களைச் சுட்டுக்கொன்ற கொடுமையிலும் இந்தத் துப்பாக்கிகள் மூன்று இருந்தன என்று யூனிவிஷன் தொலைக்காட்சி 2012இல் மெக்சிகோ ராணுவ ஆவணங்களைக் கொண்டு செய்தி வெளியிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய பெற்றோருக்கு வாஷிங்டனின் எந்தக் குழுவும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து “சொல்லுங்கள்” என்று கேட்கவில்லை.

ஜூலை 12, மாலை

சிறு தெளிவு. 2011 பிப்ரவரியில் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசியில் கொல்லப்பட்ட அமெரிக்க அதிகாரி ஹைமே சபாத்தாவின் பெயரையும் இதோடு சேர்த்து ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே கிடைத்த துப்பாக்கி டெக்சாஸிலிருந்து போனது. ஃபீனிக்ஸ் நடவடிக்கையில் போனது அல்ல. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

ஜூலை 15

அமெரிக்க எல்லைக் காவலர் பிரையன் டெரியின் மரணம். 2010 டிசம்பர் 14 இரவு, அரிசோனாவின் ரியோ ரீக்கோவுக்கு அருகே பெக் கேன்யன் பள்ளத்தாக்கில், கடத்தல்காரர்களையே வழிமறித்துக் கொள்ளையடிக்கும் ஒரு கும்பலை எல்லைக் காவல் படையின் சிறப்புக் குழு எதிர்கொண்டது. காவலர்கள் முதலில் உயிரைப் பறிக்காத பைத் தோட்டாக்களைச் சுட்டார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவை உண்மையான தோட்டாக்கள். டெரி உயிரிழந்தார். அங்கே கிடைத்த இரண்டு ஏகே வகை ரைஃபிள்கள் அவ்வாண்டு ஜனவரி 16 அன்று, நான் மேலே குறிப்பிட்ட கிளென்டேல் கடையில், கண்காணிப்பில் இருந்த பினாமி ஒருவரால் வாங்கப்பட்டவை. டெரியைக் கொன்ற தோட்டா இவற்றிலிருந்துதான் வந்தது என்று ஆய்வகத்தால் உறுதியாகக் கூற முடியவில்லை. இதைக் காணொளிகள் சொல்வதில்லை; நாம் சொல்லியாக வேண்டும். வந்ததா இல்லையா என்பது அந்த இரண்டு ரைஃபிள்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்ததற்கான பொறுப்பைக் குறைக்காது.

அந்தப் பினாமியை மறுநாளே கைது செய்தார்கள். பதினோரு மாதம் கைது செய்ய ஆதாரம் போதாது என்றிருந்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் ஆதாரம் போதுமானதாகிவிட்டது.

2011 ஜனவரி 25 அன்று இருபது பேர் மீது வழக்குப் பதிந்ததை அறிவிக்க ஃபீனிக்ஸில் செய்தியாளர் கூட்டம் நடந்தது. துப்பாக்கிகளை வேண்டுமென்றே போகவிட்டீர்களா என்ற கேள்விக்குப் பிரிவுத் தலைவர் வில்லியம் நியூவெல் கடுமையாக மறுத்தார். வழக்கில் சிக்கியவர்கள் பினாமிகளும் அவர்களை ஏவியவர்களும்தான்; எந்தப் பெருங்கும்பலின் தலைவரும் சிக்கவில்லை.

ஜான் டாட்சன் போன்ற குழு அதிகாரிகள் சிலர் செனட்டர் சக் கிராஸ்லியிடம் உண்மையைச் சொன்னார்கள். கிராஸ்லி எழுதிக் கேட்டார். நீதி அமைச்சகம் 2011 பிப்ரவரி 4 அன்று எழுதிய பதிலில், மெக்சிகோவுக்குக் கடத்தப்படும் துப்பாக்கிகளைத் தடுக்க ஏடிஎஃப் எல்லா முயற்சியும் எடுக்கிறது என்றது. அந்தக் கடிதத்தை அதே அமைச்சகம் டிசம்பர் 2 அன்று திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பத்து மாதங்களில் உண்மையைச் சொன்னவர்கள்தான் பொய்யர்களைப் போல நடத்தப்பட்டார்கள்.

ஜூலை 16

டாட்சனை வீரராக மட்டும் காட்டக் கூடாது, அவரும் ஒரு துப்பாக்கிப் பரிமாற்றத்தில் இருந்தார் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். 2010 ஜூனில் மேலதிகாரிகளின் அனுமதியோடு அவரே ஆறு துப்பாக்கிகளை வாங்கி ஒரு சந்தேக நபரிடம் கொடுத்தார், அவையும் மீட்கப்படவில்லை. ஆனால் அதைப் பிற்பாடு அவர் மறைக்கவில்லை. எதிர்த்தவர்களுக்குக் குழுவுக்குள் என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள்: இந்த வேலை பிடிக்காவிட்டால் மாவட்டச் சிறையில் காவலர் வேலை காலியாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் 2010 மார்ச்சில் மடல் எழுதினார். கட்டளைக்குக் கட்டுப்பட்ட ஒரு துறையில் இப்படி ஒரு மடல் வந்த பிறகும் வாயைத் திறப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஜூலை 19

அரசியலுக்கு வருகிறேன், சுருக்கமாக. டேரல் ஐசா தலைமையிலான பிரதிநிதிகள் சபைக் குழு ஆவணங்களைக் கேட்டது. ஒபாமா 2012 ஜூன் 20 அன்று அரசின் உள் ஆவணங்களை வெளியிடாமல் வைத்திருக்க அதிபருக்கு உள்ள நிர்வாகச் சிறப்புரிமையைக் காட்டி, பிப்ரவரி கடிதத்துக்குப் பிந்தைய உள் ஆவணங்களைத் தர மறுத்தார். எட்டு நாட்கள் கழித்து, நீதி அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் காங்கிரஸை அவமதித்ததாக 255–67 என்ற வாக்குகளில் சபை தீர்மானித்தது. பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஜனநாயகக் கட்சியினர் 17 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள்; பலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

2011க்கு முன்பு ஹோல்டருக்கு இந்த முறை தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை என்றே தலைமை ஆய்வாளர் முடிவு செய்தார். அதை நான் ஏற்கிறேன். இருந்தும், ஒரு அமைச்சகம் தவறான கடிதம் எழுதிவிட்டு, அந்தக் கடிதம் பொய் என்று தெரிந்துகொண்ட விதத்தைப் பற்றிய தாள்களை மறைக்கும்போது, ஊரில் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். நண்பர் பார்த்த காணொளியின் சதிக் கதை இந்த மறைப்பைத் தின்றே வளர்ந்தது. 2016 ஜனவரியில் நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சன் அந்தச் சிறப்புரிமை வாதத்தை ஏற்காமல் ஆவணங்களை ஒப்படைக்க உத்தரவிட்டார். அந்தத் தாள்களை 2011லேயே கொடுத்திருந்தால் பாதி வதந்தி பிறந்திருக்காது.

ஜூலை 20

முதல் குறிப்பில் சதி இல்லை என்று எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் தலைப்பில் உள்ள இரண்டாவது சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. மறதியாலோ சோம்பலாலோ நடந்ததை மன்னிக்க வழி உண்டு. இங்கே தொலைபேசி ஒட்டுக்கேட்பு அனுமதிகள் வாஷிங்டன் வரை போயின; கடைகளில் கேமரா வைத்தார்கள்; ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணையும் கண்ணும் கருத்துமாகப் பதிந்தார்கள். எல்லாம் எழுதப்பட்டது, எல்லாம் எண்ணப்பட்டது. கணக்கில் ஏறாதது அந்தத் துப்பாக்கிக்கு எதிரே நிற்கப்போகும் ஆள் மட்டுமே. அந்த ஆள் ஃபீனிக்ஸ்வாசியாக இருந்திருந்தால், விற்ற துப்பாக்கிகள் அதே நகரத்தின் பள்ளிகளைச் சுற்றி உலவும் என்று தெரிந்திருந்தால், ஒரு வாரம்கூட இதை நடத்தியிருக்க மாட்டார்கள். எல்லைக்கு அப்பால் போகும் என்பதே அவர்களுக்கு நிம்மதி தந்தது. இதைத்தான் இந்த விவகாரத்தின் பெருங்குற்றமாகக் கருதுகிறேன்.

ஜூலை 24

அந்தத் துப்பாக்கிகள் என்ன ஆயின என்று கேட்டவருக்கு: 2012 பிப்ரவரி வரையில் ஏறத்தாழ 710 மீட்கப்பட்டிருந்தன. பிறகும் ஆங்காங்கே கிடைத்தன. 2016 ஜனவரியில் மெக்சிகோ போதைக் கும்பல் தலைவர் ‘எல் சாப்போ’ குஸ்மான் லோஸ் மோச்சிஸ் நகரில் பிடிபட்டபோது அவர் பதுங்கியிருந்த வீட்டில் கிடைத்த ஒரு .50 ரைஃபிளும் இந்த நடவடிக்கையில் விற்றதே என்று நீதி அமைச்சகம் காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது.

சட்டம் மாறியதா என்ற கேள்விக்கு: 2011 ஜூலையில் அரிசோனா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கலிபோர்னியா ஆகிய நான்கு எல்லை மாநிலங்களில், ஒரே ஆள் ஐந்து வேலை நாட்களுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குறிப்பிட்ட வகை ரைஃபிள்களை வாங்கினால் கடைக்காரர் அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பினாமியாக வாங்குவதும் துப்பாக்கி கடத்துவதும் தனிக் கூட்டாட்சிக் குற்றங்களாக ஆனது 2022 ஜூனில்தான். பினாமிக்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. டெரி இறந்து பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது மெக்சிகோ தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 5 அன்று ஒருமனதாகத் தள்ளிவிட்டது. தயாரிப்பாளர்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

ஜூலை 25

கடைசியாகக் கேட்டவருக்கு: இல்லை, இந்த நடவடிக்கைக்காக எந்த அதிகாரியும் குற்றவியல் வழக்கைச் சந்திக்கவில்லை. 14 பேரை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிசீலிக்கும்படி தலைமை ஆய்வாளர் சொன்னார். ஏடிஎஃப்பின் தற்காலிகத் தலைவர் கென்னத் மெல்சன் 2011 ஆகஸ்டில் மாற்றப்பட்டு, அறிக்கை வந்ததும் ஓய்வு பெற்றார். அரிசோனாவின் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் டென்னிஸ் பர்க் பதவி விலகினார். சிறைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். நிரூபிக்கக் கூடிய குற்றம் எதுவென்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஃபீனிக்ஸில் விற்ற 2,000 வரிசை எண்களையும் மெக்சிகோ அரசிடம் முழுமையாகக் கொடுத்து, ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தக் கொலையில் பயன்பட்டது என்பதை இரு நாடுகளும் சேர்ந்து கண்டறிந்து, அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அதற்கு எந்த நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்காது.